பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

பலாங்கொடைக் கடையில், பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் மெஷின்களில் விலை குறைந்ததை என் மகன் ஓட்டிப் பார்த்தான். தேயிலைத் தோட்டத்தில் இடித்த லய வீடுகளின் பலாக் கதவுகளை வாங்கி வைத்திருக்கிறான். ஆலையில் அவன் வலது கை நசுங்கிய பிறகு, மேசை செய்து விற்றால்தான் எங்களுக்குப் பிழைப்பு. கொண்டுவந்திருந்த கதவுப் பலகையின் பச்சைப் பெயிண்ட் உரிந்து மஞ்சள் மரம் தெரிந்ததும் அந்த வாசம் எழும்பியது.

அந்த வாசத்தை முதலில் அறிந்தபோது எனக்கு ஏழு வயது. தம்பி காய்ச்சலில் போய்விட்டான். பெட்டி செய்யப் பலகை கிடைக்காமல் அப்பா எங்கள் லய அறையான காம்பராவின் கதவையே கழற்றினார்.

“பச்சைப் பெயிண்டோட எம்புள்ளைய அனுப்பாதீங்க,” என்று அம்மா அழுதாள்.

இரவல் சீவுளியை வைத்து அப்பா சீவிக்கொண்டே இருந்தார்.

“போதும் மாமா, மழ வருது,” என்றார் அடுத்த காம்பரா அண்ணன்.

“இன்னும் ஒரு பக்கம் இருக்குடா.”

வாசம் மாறாத சீவல்களை நான் பாவாடையில் அள்ளிவந்து, தம்பிக்கு மெத்தையாகப் பெட்டிக்குள் பரப்பினேன்.

கடையில் மெஷின் பாதிப் பலகையில் உறுமி நின்றது.

“பழைய பலா இரும்பு மாதிரி, மல்லி. பெரிய மெஷினே எடுங்க,” என்றார் முதலாளி, மகனைச் சிங்களத்தில் ‘தம்பி’ என்று கூப்பிட்டு.

“அதுக்கு வசதி இல்லீங்க. மெல்லிசா சீவினா இது ஓடுமா?” என்று கேட்டான் மகன்.

“ஓடும். ஒரு கதவுக்கு ஒரு நாள் போயிரும். பலகையப் பிடிக்க ரெண்டு பேரு வேணும்.”

மகன் என்னைப் பார்த்தான். நான் முதலாளியைப் பார்க்காமல், “இதையே எடுய்யா. அடுத்த பக்கம் நான் பிடிக்கிறேன்,” என்றேன்.

சொல்லிவிட்டுப் பலகையின் முனையைப் பிடித்தேன். அதன் கனத்தை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை.