அத்தானின் கார் கிளம்பாத காலை

பானட் திறந்த காருக்கு எதிரே, நாற்காலியில் இடப்பக்கம் சாய்ந்து அத்தான் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. மறுநாள் அக்காவும் அவரும் பூதப்பாண்டி வீட்டைப் பூட்டிவிட்டு, சென்னையில் இருக்கும் மகனிடம் போகிறார்கள். அன்று பத்து மணிக்குக் குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஒருவர் வருவார். எஞ்சின் ஓடினால் காரை எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் பழைய இரும்புக்குத்தான். முப்பது வருடம் அத்தான் வேறு யாரையும் தொட விடாமல் பழுது பார்த்த கார் அது.

முந்தின நாள் நான் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன். எந்தப் பிளக்கில் எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்பது அதன் பொறுப்பு. அத்தான் நன்றாக இருந்த நாட்களில் அருகே நின்று கேட்டு, மாட்டும் முறையைப் பதினோரு படிகளாக டைரியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு படியும் தவறவில்லை. ஆனாலும் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழன்றது, கார்புரேட்டர் வழியாக ஒருமுறை வெடித்தது, அடங்கியது.

படிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். எஞ்சின் முன்னால் சுழலும் கப்பியில் குறி நேராக இருக்கிறதா, வயர்கள் ஒன்று மூன்று நான்கு இரண்டு என்ற வரிசையில் இருக்கின்றனவா. எல்லாவற்றுக்கும் அத்தான் தலையை இடவலமாக ஆட்டினார்.

“காரு ஸ்டார்ட் ஆகதுக்கு டைரி எதுக்குல? ஜாதகமா பாக்குக?” என்றாள் அக்கா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “மக்கா, அவிய அது இல்லங்காவ. வேற என்னமாம் கேளு.”

வேறு கேட்க என்னிடம் எதுவும் இல்லை. இடக்கையில் பேனா கொடுத்தோம், கோடுதான் விழுந்தது. அந்தக் கையால் முதல் பிளக்கைக் காட்டினார். கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி மாட்டினேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பியதில் பேட்டரியும் தீர்ந்தது. வியாபாரி வந்து, “ஓடாத வண்டிய வச்சு நான் என்ன செய்யதுக்கு சாரே” என்று சொல்லிப் போனார். மத்தியானம் இரும்புக்காரரின் லாரி வந்தது. அத்தான் உள்ளே வர மறுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து வடசேரியில் ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். “பிளக்க ஊரி எடுத்துட்டு அந்த ஓட்டையில பெருவிரல வச்சுப் பாத்தியளா?” என்று கேட்டார். “பிஸ்டன் ரெண்டு தடவ மேல வரும்லா. ரெண்டு தடவையும் குறி சரியாத்தான் நிக்கும். காத்து விரலத் தள்ளுத தடவதான் கணக்கு. நீங்க மத்ததுல மாட்டிருக்கிய, பொறி தப்பின நேரத்துல விழுந்திருக்கு.”

அத்தான் ஒவ்வொரு முறையும் பெருவிரலை அப்படி வைப்பார், என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே. நான் அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். கை செய்ததை அவர் சொல்லவில்லை; நான் எழுதவில்லை.

ஞாயிறுதோறும் அக்கா வீடியோவில் அத்தானைக் காட்டுவாள். பல வாரம் தள்ளிப்போட்டு, நேற்று சொன்னேன். “அத்தான், அன்னைக்கு பிளக்கக் காட்டி விரல வச்சுப் பாக்கச் சொன்னிய. எனக்குப் புரியல.” அக்கா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“என்னத்தல சொன்ன? அவிய அழுகாவ.”