பூங்கா முனையில் கேஸுக்கு மாறும் வண்டி

தினமும் காலையில் நம் பள்ளி வண்டி வாட்ஸ்அப் குழுவுக்கு ருக்மணி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வரும். "கெளம்பிட்டனுங்க." அவ்வளவுதான். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நின்றிருந்த அது, அன்று அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. தேறி வந்துவிட்டார் என்று எண்ணி, கேட்காமலேயே என் மகள் தியாவுக்கு ஷூ மாட்டி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் தொங்கவிட்டு, வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வண்டி வரவில்லை. பிறகுதான் பதிவைப் போட்டேன். பேசியது அவர் கணவர் மாதேஷ் அண்ணா. "இனி வண்டி வராதுங்க. ருக்கு நேத்து தவறிட்டா." பக்கத்தில் நின்ற தியாவும் கேட்டுவிட்டாள். மதியம் வரை ஷூவைக் கழற்ற விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்தும் இத்தனை நாள் எனக்கு எழுத வரவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர், பழைய வேன் ஒன்றை வாங்கித் தானே ஓட்டியவர், நம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். ஆனாலும் அந்த வண்டியின் என்ஜின் ஹெட்டைப் பற்றி எழுதாமல் எனக்கு ஆறாது.

ரிங் ரோட்டில் பிள்ளைகளோடு வண்டி நின்றுபோன நாள் நினைவிருக்கும். பின்னால் வந்த லாரி, டயர் தேயத் தேய பிரேக் போட்டு நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாலையில் அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பன்னிமண்டபம் பகுதியில் இருக்கும் ரஃபீக் பாய் பட்டறைக்குப் போனேன். அவர் என்ஜின் ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். பெட்ரோலுக்கென்று செய்த என்ஜின் அது. வருடக்கணக்காகக் கேஸில் ஓடியதில், வால்வுகள் வந்து உட்காரும் ‘சீட்’ என்ற வளையங்கள் தேய்ந்து உள்ளே இறங்கியிருந்தன.

"நோடி, பாருங்க அக்கா, ரெண்டு வழி இருக்கு" என்றார் பாய். "இருக்கிற சீட்டையே கடைஞ்சு மாட்டினா நாளன்னைக்கு வண்டி உங்க வாசல்ல நிக்கும், செலவும் கம்மி. ஆனா கேஸ்ல ஓட ஓட மறுபடி இறங்கும். இல்லைன்னா பழைய சீட்டெல்லாம் தோண்டி எடுத்துட்டு கெட்டி சீட் போடணும். ஹெட்டு கோயம்புத்தூர் போய் வரணும், நாளாகும். அப்புறம் ஹெட்டுன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடலாம்."

"அதைத்தானுங்க பாய் கேக்கறேன். இந்த வண்டி நின்னு போயிருமோன்னு நெனைக்காம ஒரு நாளாச்சும் ஓட்டோணும். கெட்டியாவே போடுங்க."

அடுத்த நாள் பள்ளி வாசலில் நாம் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். பாதிப் பேருக்கு வண்டி உடனே வேண்டும். ஒரு அப்பா, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார், சற்றுக் குரலை உயர்த்தினார்.

"ரெண்டு நாள்ல முடியிற வேலைய ஏம்மா இழுக்கறீங்க? நீங்க ஓட்டறது என்ன ஏரோப்ளேனா?"

"ஏரோப்ளேன் நின்னா அதுதானுங் சார் விழும். இது நின்னா, பின்னால வர்ற லாரிக்காரன் பிரேக்க நம்பித்தான் நம்ம புள்ளைங்க இருக்கோணும்."

அப்படியும் சிலர் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். போன பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்று தெரியாமலேதான் அக்கா அந்த முடிவில் நின்றார்.

ஹெட் வரும்வரை மீதிப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அழைத்துப் போனார். ஒரு நீளத் துப்பட்டாவை எல்லாப் பிள்ளைகளும் பிடித்துக்கொள்ள, முன்னால் அக்கா நடப்பார். "ஏனம்மா, ஸ்கூலையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கண்டக்டர் கேட்க, "பாதிதானுங்க, மிச்சம் நாளைக்கு" என்றாராம். முதல் நாள் நான் ஸ்கூட்டரில் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அன்று மாலை என்னிடம், "தியாம்மா, நீ பின்னால வந்தா பஸ்ஸு பயந்துக்கிட்டு ஒழுங்காப் போகுதா? ஊட்டுக்குப் போயி ஒரு காப்பி குடி கண்ணு" என்றார்.

ஹெட் வந்தது. வண்டி அதன் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனாலும் அக்கா பழைய வழக்கத்தை விடவில்லை. பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் சூடேறிய பின் பூங்கா முனையில்தான் கேஸுக்கு மாற்றுவார். விரலை சுவிட்சுக்கு மேல் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "கேஸ்!" என்று கத்தினால்தான் விரல் இறங்கும். எங்கள் மாடி வரை அந்தச் சத்தம் கேட்கும். வண்டி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதை வைத்துத்தான் அறிவேன்.

மழைக்காலத்தில் அக்காவுக்கு டெங்கு வந்தது. இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது மாதேஷ் அண்ணா வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். "நீங்க படிச்சவங்க. டாக்டர்கிட்ட வேற வழி ஏதாச்சும் இருக்குதான்னு கேளுங்க. செலவானாலும் பரவால்லீங்க." கேட்டேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம், இனி உடம்புதான் எழுந்து வரவேண்டும் என்றார் டாக்டர் ஆங்கிலத்தில், தணிந்த குரலில். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அண்ணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இரும்புத் துண்டுக்கு இரண்டு வழி சொன்னார்கள். அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. எவ்வளவு யோசித்தாலும் நான் அந்த வராந்தாவிலேயே வந்து நிற்கிறேன்.

வண்டியை இப்போது வேறொருவர் வாங்கி, அதே தடத்தில் ஓட்டுகிறார். நல்ல மனிதர். சாவி போட்டதுமே கேஸில் கிளப்புகிறார். ஒரு நாள் மனம் கேட்காமல், அக்காவைப் போல் முதலில் பெட்ரோலில் கிளப்பச் சொன்னேன். "கெட்டி சீட் போட்ட ஹெட்டு மேடம். ஒண்ணுமே ஆகாது" என்றார் சிரித்தபடி. உண்மைதான். அக்கா பார்த்துப் பார்த்துச் செய்ததற்கெல்லாம் இனி தேவையே இல்லாதபடி அக்காவேதான் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"பூங்காகிட்ட இப்பவும் கேஸ்னு சொல்றோம்மா" என்றாள் தியா போன வாரம். "அங்கிள் எதையும் மாத்தறதில்ல. நாங்க மெதுவா சொல்லிக்கிறோம்." அதனால்தான் மாடிக்குக் கேட்பதில்லை.

எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு காப்பிதான். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஸ்கூட்டர் சாவியைத் தேடும் கையை அடக்கிக்கொண்டு உள்ளே வந்து கலக்குகிறேன். பயம் போய்விடவில்லை. பாதி நாள் அது குடிக்காமலே ஆறிப்போகிறது. ஆனாலும் பின்னால் போவதில்லை, அக்கா.