கீழ்க்கட்டளையில் நான் வைத்த சீல்

எங்கள் வீட்டில் யாரும் வெறும் ‘சரி’ சொல்லித் தப்பிக்க முடியாது. பால் வாங்கி வரச் சொன்னால், “ரெண்டு பாக்கெட் பால், ஒரு தயிர்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் என் கணவர் செருப்பை மாட்ட வேண்டும். என் மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போது வேண்டுமென்றே விறைப்பாக நின்று, “சாயங்காலம் ஆறரை ட்ரெயின், தாம்பரத்துல எறங்கினதும் போன், ஓவர்” என்பாள். கிண்டல்தான். பண்ணிவிட்டுப் போகட்டும்.

விமானிகளும் கட்டுப்பாட்டு அறைக்காரர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். எவ்வளவு உயரத்துக்கு இறங்கு, எந்த அலைவரிசைக்கு மாறு என்று கீழேயிருந்து சொன்னதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பதிலுக்கு வெறும் ‘ரோஜர்’ என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். என்ன விழுந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தப் பேச்சுக்கு இடைஞ்சல் வராமல் பார்ப்பது என் வேலை. நூற்றுப் பதினெட்டு மெகாஹெர்ட்ஸிலிருந்து நூற்று முப்பத்தேழு வரை விமானப் பேச்சுக்கென்று உலகமே ஒதுக்கி வைத்திருக்கிறது. அதற்குள் ஓடுபாதைக்கு ஒன்று, இறங்க வருபவர்களுக்கு ஒன்று என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் பங்கு உண்டு. ஊரில் ஏதாவது ஒரு பெட்டி பழுதாகி அந்தப் பங்குக்குள் இரைச்சலைக் கக்கினால், பேச்சில் பாதி காணாமல் போகும். அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். நன்றாகவே பிடிப்பேன். தன்னடக்கம் என்ற சாமானை எங்கள் அலுவலகத்தில் எனக்கு யாரும் வழங்கவில்லை.

போன வருடம் ஆடி மாதம், இறங்க வரும் விமானங்களின் அலைவரிசையில் பகல் இரவென்று இல்லாமல் ஓர் இரைச்சல், குளவி சுற்றுவது போல. ஆன்டெனாவோடு கிளம்பினேன். அதைத் திருப்பிப் பார்த்தால் இரைச்சல் எந்தத் திசையில் அதிகம் என்று தெரிந்துவிடும். கோவிலம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி, பல்லாவரத்தில் ஒன்று, மேடவாக்கம் பக்கம் ஒன்று என மூன்று இடங்களிலிருந்து வரைபடத்தில் கோடு போட்டேன். மூன்றும் கீழ்க்கட்டளையில் ஒரு மாடிக் கட்டடத்தில் வந்து சந்தித்தன. கீழ்த்தளத்தில் ஒரு கேபிள் டிவிக்காரரின் அறை, மாடியில் ஒரு டியூஷன் சென்டர். கேபிள்காரர்களின் ஆம்ப்ளிஃபயர் எனக்குப் பழைய எதிரி. வாசலை மிதிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கேபிள்காரர் ஐம்பது வயதுக்காரர். நாலு தெருவுக்கு இணைப்பு கொடுத்திருந்தார். பக்கத்துத் தெருக்களெல்லாம் டிஷ்ஷுக்கும் செல்போனுக்கும் போய்விட, இந்த நாலு தெரு மட்டும் அவருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எதிர்வீட்டு மாடியில் ஆன்டெனாவோடு நின்றுகொண்டு போனில் சொன்னேன்.

“ஆஃப் பண்ணுங்க அண்ணா.”

“ஆஃப் மேடம்.”

குளவி செத்தது. போடச் சொன்னேன், உயிர் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். இனி என்ன வேண்டும்? ஆன்டெனாவை மடித்து வண்டியில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டு, அறைக்குப் பூட்டும் சீலும் வைத்தேன். விமானத் தகவல் தொடர்புக்கு இடையூறு செய்த கருவி இங்கே முடக்கப்பட்டது என்று அச்சடித்த தாளை ஷட்டரில் ஒட்டினேன்.

“மேடம், நாலு நாள் படம் வரலேன்னா எல்லாம் டிஷ்ஷு மாட்டிக்குவாங்க. நம்ம பொழப்பு இது ஒன்னு தான்.”

“மேல பறக்கிறவங்க உயிர் அண்ணா” என்றேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினேன்.

மறுநாள் காலை கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். இரைச்சல் அப்படியே இருக்கிறதாம். “உங்க ரிசீவரை முதல்ல பாருங்க சார்” என்று எரிந்து விழுந்தேன். அவர்கள் பார்த்தார்கள். ரிசீவர் நன்றாக இருந்தது. என் வீம்பில் இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் கீழ்க்கட்டளைக்குப் போனேன். ஷட்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் இரண்டு மொட்டை மாடிகளில் புது டிஷ் முளைத்திருந்தது.

“அண்ணா, அன்னிக்கு நீங்க எதை ஆஃப் பண்ணீங்க?”

“மெயினு மேடம். படிக்கட்டாண்ட கீதே, அத்த தான். ஆம்ப்ளிஃபயர் பிளக்கு ரேக்குக்குப் பின்னாடி கீது, கை போவாது. எப்பவும் மெயினு தான்.”

அந்த மெயின் சுவிட்ச் கட்டடம் முழுவதற்குமானது; ஆம்ப்ளிஃபயரோடு மாடியில் ஓடியவையும் சேர்ந்து அணைந்திருக்கின்றன. டியூஷன் சென்டர் அந்த நேரத்தில் பூட்டிக் கிடந்ததால், கரண்ட் போனது என்று கேட்க மாடியில் ஆளில்லை. வீட்டில் இரண்டு பாக்கெட் பாலுக்குத் திருப்பிச் சொல்ல வைப்பவள், ஒரு மனிதரின் பிழைப்பை முடக்கும் முன், “எதை ஆஃப் பண்ணப் போறீங்க, சொல்லுங்க” என்று கேட்கவில்லை. சீல் வைத்த பிறகு ஆன்டெனாவைத் திரும்ப எடுத்து ஒரு நிமிடம் கேட்டிருந்தாலும் போதும். அதுவும் செய்யவில்லை.

டியூஷன் சென்டர்காரரை வரவழைத்து மாடியைத் திறந்தேன். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினோம். கண்காணிப்பு கேமராவுக்குப் போட்டிருந்த, உள்ளங்கை அளவு அடாப்டர் ஒன்றைப் பிடுங்கியதும் குளவி நின்றது. இந்த முறை கட்டுப்பாட்டு அறையையும் கேட்டேன். சுத்தம் என்றார்கள். அடாப்டரை எடுத்துக்கொண்டேன்.

கீழே வந்து சீலை உடைத்தேன். ஆம்ப்ளிஃபயரை நானே மாட்டிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“தப்பு என்னோடதுதான் அண்ணா. மன்னிச்சிருங்க.”

“என்னாண்ட சொல்லி இன்னா மேடம் பண்றது? நான் பிளேனுக்கு எதிரா ஏதோ பண்ட்டேன்னு தெருவே பேசுது. பேப்பர் ஒட்டினீங்கோ இல்ல, அதே மாதிரி ஒன்னு குடுங்க.”

அலுவலகத்திலிருந்து முறைப்படி கடிதம் வரும், பத்து பதினைந்து நாள் ஆகும் என்றேன்.

“அதுக்குள்ள என் தெரு காலி மேடம்.”

அது உண்மை. அரசு அதிகாரி ஒருத்தி தன் பிழையைக் கையால் எழுதி ஷட்டரில் ஒட்டலாமா என்று எந்த விதிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மேலதிகாரியின் முகம் கண்முன் வந்தது. வந்தால் வரட்டும் என்று டியூஷன் சென்டரில் ஒரு சார்ட் பேப்பரும் மார்க்கரும் கேட்டு வாங்கினேன். இந்தக் கேபிள் கருவியில் எந்தக் குறையும் இல்லை, சோதனையில் தவறு செய்தது நான் என்று எழுதி, பதவியும் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அவர் தாளை வாங்கி ஷட்டரில் பிடித்துப் பார்த்தார். தெருவின் அந்தப் பக்கம் வரை நடந்து போய், அங்கிருந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

“இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க மேடம். வண்டில போறவங்களுக்கும் தெரியணும்.”

இரண்டாவது தாளைத் தரையில் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ‘தவறு என்னுடையது’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களிலேயே தாள் நிறைந்துவிட்டது.