கண்ணாடிக்கு வெளியே ஒரு கிண்ணம் பால்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் செல்லப்பிராணிக் கடையொன்றில் வேலை செய்த அந்தத் தமிழர் நெட்டையானவர், நரைத்த மீசை. எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே பிடித்து முகர்ந்து பார்ப்பார். பிறகுதான் பேசுவார்.

இலங்கையில் போர் முடிந்த மே மாதம் அது. மகள் வளர்த்த பாம்பின் கண்ணாடிப் பெட்டியில் விரித்த மரச்சீவல் வாராவாரம் பூஞ்சணம் பிடித்தது. பாம்பு செத்துவிடுமோ என்று எனக்கு நித்திரையில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், டேனிஷில் பாம்பு வளர்ப்புப் புத்தகம் வாசித்தும் விளங்கவில்லை. ஒரு பிடி சீவலைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன்.

“இனி மணல் போடட்டோ அண்ணை?”

முகர்ந்து பார்த்தார். “மணல் வேண்டாம், இரையோடை வயித்துக்குள்ளை போயிடும். சீவல்தான் திறம். இதிலை ஆர் பால் ஊத்தினது?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. “மனுசிதான். அவவின்ரை தம்பி வன்னியிலை, ஒரு தகவலும் இல்லை. பாம்பு நாகதம்பிரான் சாமியெண்டு நேர்ந்து ஊத்துறா. வேண்டாமெண்டால் அழுவா.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பாலைக் கிண்ணத்திலை விட்டுக் கண்ணாடிக்கு வெளியிலை வையுங்கோ. அவர் உள்ளுக்கை இருந்தே பார்ப்பார். அவருக்குக் காய்ஞ்ச படுக்கை வேணும்.”

மனைவி ஒத்துக்கொண்டாள். ஜூனில் ஒருநாள் அங்கே அகதி முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. அடுத்த நாளே கடைக்கு ஓடினேன்.

“அண்ணை, மச்சான் உயிரோடை இருக்கிறான்!”

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டார்: “சீவல் காய்ஞ்சு கிடக்கோ?”

அவர் நாகதம்பிரானை நம்பினாரா, மரச்சீவலை மட்டும்தான் நம்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.