கழிக்க மறந்த முப்பத்திரண்டு

முப்பத்திரண்டைக் கழிக்க மறந்து, என் மச்சானின் முதல் பறிப்பு ஏலக்காய் மொத்தத்தையும் கெடுக்கப் பார்த்தவன் நான். மூன்று பேர் சிக்கினால் புள்ளியியல் பேசுகிற ஆள் என்பதால், இதை நானே சொல்லிவிடுவது நல்லது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். போடிமெட்டுச் சரிவில் தோட்டம். அவருடைய உலர்த்தும் அறையின் சூட்டையும், காய் உலர எடுத்த நேரத்தையும் போன பருவம் முழுக்க வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்து, நடுவே ஒரு நேர்கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். சூட்டை ஐந்தால் வகுத்து நாற்பத்துநாலிலிருந்து கழித்தால் மணிக்கணக்கு. நூற்றிருபது டிகிரிக்கு இருபது மணி நேரம்.

இந்தப் பருவத்தில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தது. அடுப்பு மூட்டிய மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மச்சானின் போன்.

"மாப்ளே, புதுசு அம்பதத் தாண்ட மாட்டேங்குது. பழசு நூத்தி இருபதுல நிக்குமே?"

"அது பாரன்ஹீட், இது செல்சியஸ் மச்சான். கோட்ட மாத்தித் தர்றேன்."

ஒரு செல்சியஸ் டிகிரி 1.8 பாரன்ஹீட் டிகிரிக்குச் சமம். கோட்டின் சாய்வான 0.2-ஐ 1.8 ஆல் பெருக்கி 0.36 ஆக்கினேன். நாற்பத்துநாலைத் தொடவில்லை. ஐம்பதுக்கு இருபத்தாறு மணி நேரம் வந்தது. "இருபத்தாறு மணி நேரம், நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுங்க" என்றேன், கம்பீரமாக.

மறுநாள் காலை, வெற்றியை நேரில் பார்க்க ஜீப்பில் ஏறினேன். பக்கத்து இருக்கை அம்மாள், "பேத்திக்கு நூத்திரெண்டு காய்ச்சல்" என்றார். செல்சியஸில் எவ்வளவு என்று மனம் சும்மா போட்டுப் பார்த்தது. முதலில் முப்பத்திரண்டைக் கழித்து...

செல்சியஸின் பூஜ்யம் பாரன்ஹீட்டின் முப்பத்திரண்டில் அல்லவா நிற்கிறது! அந்த முப்பத்திரண்டில் ஐந்தில் ஒரு பங்கை நாற்பத்துநாலிலிருந்தும் எடுத்திருக்க வேண்டும். அப்படியானால் இருபது மணி நேரம்கூட வேண்டாம். காலை எட்டு மணிக்குள் எடுத்திருக்க வேண்டிய காய். இப்போது மணி ஒன்பது. பச்சை வெளுத்து, தோல் வெடித்த காயை ஏலத்தில் யார் சீண்டுவார்கள்? போனில் சிக்னல் இல்லை.

"அண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்க."

"வளைவ நிமித்திக் குடுங்க, போறேன்" என்றார் டிரைவர்.

தோட்டத்துக்குள் ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. காய்கள் தட்டுகளில் பச்சைப் பசேலென்று ஆறிக்கொண்டிருந்தன.

"ஏழரைக்கே எடுத்துட்டேன்" என்றார் மச்சான்.

"நான் இருபத்தாறு மணி நேரம்னுல்ல சொன்னேன்?"

"ஆமா. நீங்க எதச் சொன்னாலும் கால்வாசியத் தள்ளிட்டு எடுத்துக்கன்னு, கல்யாணமான வருசமே என் தங்கச்சி சொல்லிருச்சு மாப்ளே."