எடை ஏறாத வாரங்கள்

என் கணவர் சாப்பாட்டை நிறுத்தியது வாய் கசந்ததாலா, வாழ்ந்தது போதும் என்று தோன்றியதாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சிறுநீரகம் செயலிழந்து அவருக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் விருத்தாசலத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போனதும் எடை பார்ப்பார்கள். சிறுநீர் சரியாகப் பிரியாததால் குடிப்பது உடம்பிலேயே தங்கும்; எடை ஏறியிருந்தால் தண்ணீர் அதிகம் குடித்திருக்கிறார் என்று பொருள். நான் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்.

அவர் செராமிக் கம்பெனியில் பத்து வருடம் சூளை பார்த்தவர். அந்த வெக்கையில் நிற்பவர்கள் டம்ளரில் குடிப்பதில்லை; சொம்போடு கவிழ்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எப்படிப் போகும்? ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று அளந்து வைத்தேன். குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவில் காதை வைத்தேன். வெளியே வந்தால் உதடு ஈரமா என்று பார்த்தேன். பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மங்கலம்பேட்டை பாய் சிரிப்பார்: "தம்பி, உங்க வூட்டம்மாவ ஸ்டேஷன்ல சேத்து வுடுங்க. ஊருல ஒரு திருடன் மிஞ்ச மாட்டான்."

"மொதல்ல உங்க பிளாஸ்க்கத்தான் புடிப்பா, பாய்" என்பார் இவர். பிறகு பதில் சொல்வது நின்றது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன்.

ஒரு மாதமாக எடை ஏறவே இல்லை. "பரவால்லக்கா, சார் நல்லா கண்ட்ரோலா இருக்காரு" என்றார் டெக்னீஷியன். ஆனால் கால் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. ஏதோ ஏமாற்று நடக்கிறது என்று ஐந்து வயது மகளையே உளவு பார்க்க வைத்தேன். "அப்பா தண்ணி குடிச்சா எங்கிட்ட வந்து சொல்லு பாப்பா."

இரண்டாம் நாளே வந்தாள். "அப்பா நீ வெச்ச பாட்டில்ல மட்டுந்தாம்மா தண்ணி குடிக்கிறாரு. இட்லியும் எனக்குத்தான் ஊட்டுறாரு. சோறும் எனக்குத்தான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

தட்டு காலியாகத் திரும்பியதை மட்டுமே நான் பார்த்திருந்தேன். வேறு யாருக்காகவோ கேட்பதுபோல் நர்ஸிடம் கேட்டேன். சாப்பிடாமல் உடம்பு இளைக்க இளைக்க, குறைந்த எடையை உள்ளே தேங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடும், தராசு காட்டிக்கொடுக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடமே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சோறு எறங்கல. எதுக்குத் தின்னணும்னு இருக்குது. நீயும் பாப்பாவும் எத்தினி நாளைக்கு என் பின்னாடியே ஓடுவீங்க?"

"டாக்டர்கிட்ட சொல்லிடலாங்க."

"மனசு சரியில்லாதவன்னு சீட்டுல எழுதிடுவாங்க. அப்புறம் கம்பெனியில திரும்ப வேலைக்கு எவன் கூப்புடுவான்? சொல்ல மாட்டேன்னு பாப்பா தலையில கை வெச்சு சொல்லு."

வைத்தேன். கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைச் சிலுப்பி என் கையைத் தள்ளினாள்.

நேற்று டாக்டர் கேட்டார்: "தூக்கம், சாப்பாடு, மனசு எல்லாம் எப்படி இருக்குது?" இவர், "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்று கதவுவரை போனேன். உள்ளே நுழையவில்லை.

நான் படித்தவள். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்பதெல்லாம் வெறும் பயம் என்று தெரியும். தெரிந்தும் துணியவில்லை. நாளை மறுநாள் மறுபடி போகிறோம். வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் சொல்வதா, அவரையே வாய் திறக்க வைப்பதா? முதல் வார்த்தையை எப்படித் தொடங்கினீர்கள் என்றாவது எழுதுங்கள்.