ஓரகத்தியின் ரேஸர்

தையல் ஆலையில் எல்லாருக்கும் அவள் 'ஓவர்லாக் அக்கா'. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் அந்த மெஷினில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கை வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டிலும் அவள் வைத்ததுதான் சட்டம், கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேரும்வரை.

சின்னவளுக்கும் அதே ஆலைதான். பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஆனாலும் சாயங்காலம் கசங்காத துணி மாதிரி வீடு திரும்புவாள். அவள் வாயைத் திறந்தால் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேர்வையும் கசகசப்புமாகத் தான் வந்து விழ, இவள் மட்டும் எப்படி இப்படி?

குளியலறை அலமாரியில் சின்னவளின் சோப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு நீல ரேஸர் இருந்தது. 'ஓஹோ, கசகசப்பே இல்லாத சங்கதி இதுதானா!' ஒரு ஞாயிற்றுக்கிழமை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, நுரைகூடச் சரியாகப் போடாமல், அவசர அவசரமாக அந்தரங்க இடத்தை மழித்துவிட்டு, ரேஸரை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வினை ஆரம்பித்தது. சிவப்புச் சிவப்பாகப் பருக்கள், அரிப்பு, எரிச்சல். நாற்காலியில் உட்கார்ந்தால் முள். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது சொறியவா முடியும்? தையல் கோணிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது சின்னவள் கேட்டாள். "அக்கா, பாத்ரூம்ல இருந்த நீல ரேஸரை யாராவது எடுத்தாங்களா? முடி ஒட்டியிருக்கு."

"எனக்கென்ன தெரியும்? உன் சாமான், நீதான் பத்திரமா வெச்சுக்கணும்."

"என் சாமான்தான். ஸ்வெட்டர்ல திரளுற நூல் உருண்டையைச் சுரண்ட வெச்சிருக்கேன். மொட்டை பிளேடு. யாராவது தெரியாம மேல போட்டா ரணமாயிடுமேன்னுதான் கேட்டேன்."

பெரியவளுக்கு முகம் வெளிறிப்போனது. "அப்போ நீ... அங்கெல்லாம்..."

"நானா? நான் அங்கே பிளேடே வைக்கிறதில்லைக்கா." அப்போதுதான் சின்னவளுக்கு விளங்கியது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, முழுங்கிவிட்டாள். "ரொம்ப எரியுதா?"

மறுநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆலையின் நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனாள். நர்ஸம்மா பார்த்துவிட்டுத் திட்டினார். "அடுத்தவங்க ரேஸரை எடுக்கவே கூடாது. ஆறுற வரைக்கும் மழிக்காதீங்க, கிள்ளாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு ஒத்தடம் கொடுங்க. தளர்வா பருத்தித் துணி போடுங்க. சீழ் வெச்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட போயிடணும்."

"உட்கார முடியலையே" என்றாள் பெரியவள், தரையைப் பார்த்தபடி.

சின்னவள் நேரே சூப்பர்வைசரிடம் போய், "சார், எனக்கு ஓவர்லாக் கத்துக்கணும். ரெண்டு வாரம் அக்காவும் நானும் இடம் மாத்திக்கிறோம்" என்றாள். காரணம் யாருக்கும் தெரியாது.

பேக்கிங் மேஜையில் நின்றபடி வேலை செய்ததில் எரிச்சல் தணிந்தது; பருக்களும் ஒவ்வொன்றாக அமுங்கின. நன்றி சொல்லத்தான் நினைத்தாள் பெரியவள். அதற்குள் இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் எல்லார் காதிலும் விழும்படி, "சின்னப் பொண்ணு அக்காவையே மிஞ்சிடும்போல இருக்கே!" என்று சொல்லித் தொலைத்தார்.

ஆறின இடம் மறுபடி அரித்த மாதிரி இருந்தது. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, அட்டைப்பெட்டியின் வாயை ஓங்கி அழுத்தி ஒட்டினாள்.